சீ.ஆர். கொப்பியில் இந்தி

மாடியில் நான் கொழுந்து பரப்புவேன்.
கீழே ரோலர் பக்கம் பிச்சைமுத்து பாடுவான்.
வாடிய இலையைத் தள்ளிவிடும் சதுர ஓட்டை வழியே
இலை கீழே போகும்,
பாட்டு மேலே வரும்.

லிந்துலையில் விடியற்காலை மூன்று மணிக்கு
அது காதல் பாட்டு என்று
குளிருக்கும் தெரியும்.
சொல் ஒன்றுகூட எங்களுக்குத் தெரியாது.
அவனுக்கும்தான்.
ரேடியோவைக் காதோடு ஒட்டி
சத்தத்தைச் சத்தமாகவே பிடித்து
சீ.ஆர். கொப்பியில் தமிழில் எழுதிவைத்திருந்தான்.
அவர்களுடைய நாலு எழுத்துக்கும்
நம்முடைய ஒரே க.
கல் என்று இருந்தது. பல், இரண்டு தடவை.
கம் என்று, தூர் என்று.
கடைசியில், நன்றாக இழுத்து,
நாம்.

"பல்லுக்குப் பல்லா? என்னப்பா, சண்டைப் பாட்டா?"
என்பார் டீமேக்கர்.

இருவர் பாடும் பாட்டு அது.
பெண்குரல் வரவேண்டிய இடத்தில்
பிச்சைமுத்து நிறுத்திவிடுவான்.
அந்த நாலு வரிக்கும்
ரோலர் மட்டும் சுற்றும்.
மேலே நான் வாயை அசைப்பேன்,
திரையில் நடிக்கிறவள் மாதிரி.
எங்கோ ஓர் அறையில், கண்ணாடிக்குப் பின்னால்,
ஒருத்தி எனக்காகப் பாடுகிறாள் என்று வைத்துக்கொள்வேன்.
படத்தில் அவள் முகம் வராது.
பேர் வரும், சின்னதாக,
சனம் இருட்டில் கதிரை தேடும் நேரத்தில்.

பிறகு குவைத்.
கடன், அப்பாவின் கால், வழக்கமான கணக்கு.

சமையலறையில் பாட்னாக்காரி ரஸியா.
முதலில் சட்டி, உப்பு, துடைப்பம்.
எட்டாம் மாதம் அந்தப் பாட்டைப் பாடிக்காட்டினேன்,
பிச்சைமுத்து பாடுகிறபடியே.
வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.
பிறகு சிரிக்கவில்லை.

பல் என்றால் கணம்.
தூர் என்றால் தொலைவு.
நான் தேயிலையின் தூரை நினைத்திருந்தேன்,
கவ்வாத்து வெட்டின பிறகும்
மண்ணை விடாமல் நிற்கிறதே, அதை.
கம்?
தொண்டைக்குள் இறக்கிச் சொன்னால் துயரம்,
மேலேயே நிறுத்தினால் குறைச்சல்.
உன் ஆள் துயரம் வருகிற இடமெல்லாம்
குறைச்சல் என்று பாடுகிறான்.
சம்பளச் சீட்டைப் பார்த்தே வளர்ந்தவன், என்றேன்.
கல்?
நேற்று, என்றாள். நாளையும்தான்.
இரண்டுக்கும் ஒரே சொல்லா?
ஒரே சொல். போனதா வரப்போகிறதா என்று
பின்னால் வரும் வினை சொல்லும்.

அன்றிரவு பதினொரு பேர் துணிக்கு இஸ்திரி போட்டேன்,
வினை இல்லாத ஒரு கல்லோடு.

நாம் என்றால் பேர், என்று மறுநாள் சொன்னாள்.
அவள் பேரைக் கேட்கிறான், அவ்வளவுதான் பாட்டு.
பேர்!
எங்கள் தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலி.
மழைக்கு ஒதுங்கினால் அரைப் பேர்.
அவனும் நானும் ஆறு வருஷம்
ஆளுக்கொரு பேர் வாங்கினவர்கள்.
ஒருவர் பேரை ஒருவர்
ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

வந்தபோது ஸ்டோர் வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது.
பிச்சைமுத்துவுக்கு முன்பல் ஒன்று போயிருந்தது.
பல் பல் என்கிற இடத்தில்
இப்போது வெறும் காற்று.
"அர்த்தம் படிச்சிட்டு வந்திருப்பியே.
தப்பைத் திருத்திக் குடு."
கொப்பியை நீட்டினான், பென்சிலையும்.
ஓரமெல்லாம் எண்ணெய் விரல்.

கல்லில் கை வைக்கவில்லை. பல்லிலும்.
துயரம் அவனுக்குக் குறைச்சலாகவே
இருந்துவிட்டுப் போகட்டும்.
தூரை மட்டும் கொஞ்சநேரம் பார்த்தேன்.

"கடைசிச் சொல்லு?" என்றான்,
ஓட்டையை அண்ணாந்து பார்த்தபடி,
நான் பக்கத்தில்தான் நிற்கிறேன் என்பதை மறந்து.

அது நீ எழுதினபடிதான், என்றேன்.